70 ரூபாய் கன்வெர்ட்டரும் நான்கு ராத்திரியும்

என் தம்பிக்கு 64 வயது. சத்தியமங்கலம் பக்கத்தில் அப்பா விட்டுப்போன தோட்டத்தில் அவன்தான் வாழை வைத்துப் பார்த்துக்கொள்கிறான். நான் தொலைபேசித் துறையில் 36 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மண்வெட்டி பிடித்ததைவிட சால்டரிங் அயர்ன் பிடித்ததுதான் அதிகம்.

விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ராத்திரி முறை வந்துவிட்டால் தம்பிக்குத் தூக்கம் கிடையாது. பதினோரு மணிக்கு ஒருதரம், ஒரு மணிக்கு ஒருதரம் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ப் பார்ப்பான். ஆட்டோ ஸ்டார்ட்டர் போடு என்றால், "கேட் வால்வை மாத்த ஆள் வேணுமுங்கண்ணா, தண்ணி பாட்டுக்கு எங்கியோ போயிரும்" என்பான். ஒருநாள் வரப்பில் கட்டுவிரியனை மிதிக்கத் தெரிந்து தப்பித்தான். அதைக் கேட்டபிறகு எனக்கும் தூக்கம் போயிற்று.

என்னால் முடிந்ததைச் செய்தேன். எலக்ட்ரீஷியனை வைத்து ஸ்டார்ட்டர் பெட்டி ஓரத்தில் மூன்று ரிலே மாட்டினேன். மூன்று பேஸும் வந்தால் மூன்றும் இழுக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு சின்ன அர்டுயினோ போர்டு. அது சொன்னதும் தம்பிக்கு மிஸ்டு கால் கொடுக்க, சிம் கார்டு போட்ட ஜி.எஸ்.எம். போர்டு. எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் பேட்டரி, அதை நிரப்ப ஒரு சோலார் தகடு.

இங்கேதான் கன்வெர்ட்டர் வருகிறது. அந்த சிம் போர்டு 4.4 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஆனால் கூப்பிடும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய முறையில் ரெகுலேட்டர் வைத்து 12ஐ 4 ஆக்கினால் மீதி 8 வோல்ட்டும் சூடாகப் போய்விடும். மூன்றில் இரண்டு பங்கு வீண். இப்போது கிடைக்கும் எல்.எம். 2596 சிப் வைத்த நீலநிறப் பலகை அப்படியில்லை. நொடிக்கு 1,50,000 தடவை மின்சாரத்தைத் திறந்து மூடி, வேண்டிய அளவுக்கு மட்டும் விடும். தீப்பெட்டியைவிடச் சிறியது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் 70 ரூபாய்க்கு வாங்கினேன். மல்டிமீட்டர் வைத்து, மேலே இருக்கும் பித்தளைத் திருகைத் திருகித் திருகி 4 வோல்ட்டில் நிறுத்தினேன். வேலை முடிந்தது.

எட்டு மாதம் தம்பி நிம்மதியாகத் தூங்கினான். போன் அடித்தால் எழுந்து போவான், அடிக்காவிட்டால் விடிய விடியத் தூக்கம். ஊரில் எல்லோரிடமும் "எங்கண்ணன் செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தானாம்.

பங்குனியில் ஒரு வாரம், ராத்திரி முறை. நான்கு ராத்திரி போன் அடிக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர், "என்னங்க, கரண்டு நல்லா வருதே, நீங்க தண்ணி உடலீங்களா?" என்று கேட்டிருக்கிறார். தம்பி ஓடிப்போய்ப் பார்த்தால் இலையெல்லாம் தொங்குகிறது. தார் விட்டிருந்த மரங்களில் ஏழு தண்டு மடங்கிச் சாய்ந்துகிடந்தன.

"மிஸ்டு கால் வல்லீங்கண்ணா. கரண்டு வல்லைன்னு படுத்துட்டனுங்க." அவ்வளவுதான் சொன்னான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்கே பஸ் ஏறிப் போனேன். பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தால், 4 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 12 நிற்கிறது. திருகு வைத்த அந்தச் சின்ன பாகம் தகரப் பெட்டிச் சூட்டிலும் தூசியிலும் உள்ளே தொடர்பு விட்டுப்போயிருந்தது. அது விட்டுப்போனால், வோல்டேஜ் போதவில்லை என்று சிப் நினைத்துக்கொள்ளும். முழுவதையும் திறந்துவிடும். சிம் போர்டு கருகிவிட்டது.

குற்றம் 70 ரூபாய்ப் பலகை மேல் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது உண்மையில்லை. எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரி அறையில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடமே வேறு. அலாரம் அடிக்கவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, அலாரமே செத்திருக்கலாம். அதற்காகத்தான் தினமும் அலாரத்தைச் சோதித்துப் பார்த்தோம். நான் தம்பிக்குச் செய்துகொடுத்ததில், "கரண்டு வரவில்லை" என்பதற்கும் "கருவி செத்துவிட்டது" என்பதற்கும் ஒரே மௌனம்தான். 36 வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றதை வீட்டு வேலையில் மறந்துவிட்டேன்.

மறுபடியும் அதே 70 ரூபாய்ப் பலகையைத்தான் போட்டேன். ஆனால் திருகு பாகத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 750 ஓம் ரெசிஸ்டரை நிரந்தரமாகப் பற்றவைத்தேன். பலகையில் ஏற்கெனவே இருக்கும் 330 ஓமோடு சேர்ந்து அது 4 வோல்ட் தரும். முன்பக்கம் ஒரு ஃபியூஸ், பின்பக்கம் ஒரு ஜீனர் டயோடு. வோல்டேஜ் ஏறினால் ஜீனர் இழுத்து ஃபியூஸைப் போக்கிவிடும். இதெல்லாம் சில்லறைக் காசு. இவற்றைவிட முக்கியமானது காசில்லாமல் செய்த ஒன்று. தினமும் மாலை 6 மணிக்குக் கருவி எங்கள் இருவருக்கும் ஒரு மிஸ்டு கால் கொடுக்கும், "உயிரோடு இருக்கிறேன்" என்று.

"உங்க தோட்டம் கூப்பிடுது" என்பாள் என் மனைவி.

போன மாதம் ஒருநாள் ஆறரை ஆகியும் அடிக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன். "நானும் பாத்தனுங்கண்ணா. பேட்டரி ஒயரை எலி கடிச்சிருக்குது. இன்னிக்கு ஒரு ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போயிக்கறனுங்க" என்றான்.

உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ இப்படி ஏதாவது செய்து வைத்திருந்தால், அது பேசும்போது என்ன சொல்கிறது என்பதோடு, பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்றும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.