நாருக்குக் குறுக்கே

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மகளின் மகனுக்கு வயது பதினான்கு. மன்னாருக்கு வந்த முதல் வாரம் மீன் குழம்பு, நண்டுக் கறி, ஒடியற் கூழ் என எல்லாவற்றையும் மரியாதையோடு உண்டான். எட்டாம் நாள் அந்த மரியாதை தீர்ந்துவிட்டது. "அம்மப்பா, இஞ்ச லோடட் பிரைஸ் எங்க கிடைக்கும்?" என்று கேட்டான்.

வாசக அன்பர்களில் பலருக்கு இப்பண்டம் பழக்கமாகவே இருக்கும். அறியாதோருக்குச் சொல்கிறேன். பொரித்த உருளைக்கிழங்குக் கீற்றுகளின் மேல் மாட்டிறைச்சியையும் உருகிய சீஸையும் கொட்டித் தருவது. 1930களில் பிலடெல்பியா நகரத்தார் பாணுக்குள் வைத்து விற்கத் தொடங்கிய மெல்லிய இறைச்சிச் சீவலும், 1950களில் கியூபெக் மாநிலத்தில் தோன்றிய பூட்டினும் ஒரே தட்டில் சந்தித்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. கொத்து ரொட்டிக்குள் சீஸ் போடத் துணிந்த நம்மவர்களுக்கு இது பெரிய அதிசயமன்று.

"வீட்டிலேயே செய்வோம்" என்றேன். எழுதுகோல் பிடித்த அளவுக்கு நான் கரண்டி பிடித்தவனல்லன். ஆனாலும் பேரன் முன் பின்வாங்க மனம் வரவில்லை.

நுவரெலியாக் கிழங்கு வாங்கினோம். விரல் தடிப்பில் நறுக்கி அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊற வைத்தோம். மேலிருக்கும் மாப்பொருள் கழுவுண்டு போனால்தான் கீற்றுகள் ஒட்டாமல் மொறுமொறுப்பாகும். துணியில் ஈரம் ஒற்றிய பின் இரு முறை பொரிக்க வேண்டும். முதலில் ஏறத்தாழ 160 பாகை சூட்டில், உள்ளே வேகுமட்டும், நிறம் மாறாமல். ஆறவிட்டு, பரிமாறும் நேரத்தில் 190 பாகைச் சூட்டில் பொன்னிறமாகுமட்டும். இவ்வளவும் பேரன் கைத்தொலைபேசியைப் பார்த்துச் சொன்னவை. இறைச்சிக்கு மட்டும் அவனுடைய தொலைபேசி எனக்குத் தேவைப்படவில்லை.

நாங்கள் கத்தோலிக்கர். ஞாயிறு பூசை முடிந்ததும் மாட்டிறைச்சிக் கறி என்பது என் சிறுவயதில் எழுதாத சட்டம். அம்மா என்னைத்தான் இறைச்சிக்கடைக்கு அனுப்புவார். கடைக்கார நானா இறைச்சித் துண்டைப் பலகையில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "நார் எந்தப் பக்கம் ஓடுதெண்டு முதல்ல பாரு தம்பி. அதுக்குக் குறுக்கால வெட்டு. நாரோட சேத்து வெட்டினா பல்லுத்தான் நோகும்" என்பார். நீண்ட தசை நார்கள் குறுகிப்போனால் மெல்லுவது இலகு என்பதைப் பிற்காலத்தில் புத்தகங்களில் படித்தேன். பாடம் என்னவோ அந்தப் பலகையடியில் கற்றதுதான்.

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்தவர்களில் மிகப் பலர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினர். நான் அப்போது கொழும்பு நாளிதழ் ஒன்றின் செய்தியாளன். நவம்பரில் புத்தளம் போனேன். ஒரு கிடுகுக் கொட்டில் வாசலில் நானா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். "கடையப் பூட்டிப்போட்டுத்தான் வந்தனான் தம்பி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நான் குடும்பங்களின் தொகையை எழுதினேன். தேவைப்படும் அரிசி, பால்மா, மருந்து ஆகியவற்றை எழுதினேன். சாவியை எழுதவில்லை. ஆசிரியர் அதை வெட்டவில்லை. நானேதான் எழுதாமல் விட்டேன். செய்தி என்றால் எண்ணிக்கைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளபடி அது அச்சம். அச்சத்தினும் பெரிது வெட்கம். என் மொழியைப் பேசுவோர் என் மொழியைப் பேசுவோருக்கே செய்த அநியாயம் அது.

நானா புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். போர்நிறுத்தக் காலத்தில், 2003இல், அவருடைய மகன் திரும்பி வந்தார். இப்போது பஜாரில் அவருக்கும் ஓர் இறைச்சிக்கடை. நானும் பேரனும் அங்கேதான் போனோம். மெல்லிய சீவலாக வேண்டும் என்றதும், "குளிர்ப்பெட்டியில முக்கால் மணித்தியாலம் வைச்சு, கொஞ்சம் இறுகினாப் பிறகு வெட்டுங்கோ சேர். தாள் மாதிரி வரும்" என்றார். பின்பு பேரனைப் பார்த்து, "குறுக்கால வெட்டோணும் மகன்" என்று சேர்த்துக்கொண்டார். குரலும் தகப்பனுடையதுதான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்காமலிருந்ததை அன்று கேட்டேன். அந்தச் சாவி என்ன ஆயிற்று?

"வீட்டில இருக்கு சேர். கதவுதான் இல்ல. நாங்க வரேக்க கூரையும் இல்ல" என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் பேரன் விபரம் கேட்டான். சொன்னேன். "அவர் கீயைக் காட்டினதுதானே நியூஸ்? நீங்கள் ஏன் எழுதேல்லை?" என்றான். பல ஆண்டுகள் ஆசிரியர்களுக்கு விடை சொல்லிப் பழகிய எனக்கு அவனுக்குச் சொல்ல விடை இருக்கவில்லை.

குசினியில் அவன் வெட்டினான். நன்கு சுட்ட இரும்புச் சட்டியில் வெங்காயம், கறிமிளகாய், மிளகுத்தூளுடன் இறைச்சியை ஓரிரு நிமிடமே பிரட்டினோம். அதற்கு மேல் விட்டால் சாறு வற்றித் தோலாகிவிடும். சீஸை நேரே தூவினால் எண்ணெய் பிரியக்கூடும். ஆகவே வெண்ணெயில் மாவை வறுத்துப் பால் விட்டுக் காய்ச்சி, அடுப்பை அணைத்த பின் துருவிய சீஸைக் கலந்தோம். கீற்றுகளின் மேல் இறைச்சி, அதன் மேல் சீஸ்குழம்பு, கடைசியாகப் பொடியாக அரிந்த பச்சைமிளகாய். மிளகாய் மட்டும் என் யோசனை. உடனே உண்ண வேண்டும்; ஐந்து நிமிடம் தாமதித்தால் கீற்றுகள் துவண்டுவிடும்.

தாமதிக்கத்தான் நேர்ந்தது. பேரன் முதல் தட்டை மூடி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். நான் சொல்லி அனுப்பவில்லை. சீஸ் வாங்கும்போது அவன் ஹலால் குறியைத் தேடிப் பார்த்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பின்னேரம் தட்டுத் திரும்பி வந்தது. வெறும் தட்டை அனுப்பும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. வட்டிலப்பம் இருந்தது. பேரன் இரண்டு துண்டு தின்றான். பிறகு நான் இதை எழுத உட்கார்ந்தேன். மிகப் பிந்திய செய்திதான். ஆயினும் இனியும் பிந்தலாகாது.