ஒட்டடை அடிக்காத பீர்க்கூடம்

பிரஸ்ஸல்ஸில் நான் தங்கியிருந்த வீட்டில் அந்த வாரம் முழுக்க ஒரே புலம்பல்: இட்லி மாவு பொங்கவில்லை. "இந்தக் குளிர்ல மாவு எங்கேப்பா புளிக்குது? ஓவன் விளக்கைப் போட்டு உள்ளே வெச்சாத்தான் உண்டு" என்றார் அண்ணி. நவம்பர் மாதம். மறுநாள் விடிவதற்குள் கிளம்பி நான் போன இடத்திலோ, அதே குளிர் எப்போது வரும் என்று கோடை முழுக்கக் காத்திருந்திருக்கிறார்கள்.

காந்தியோன் பீர்க்கூடம். மிடி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஆண்டர்லெக்ட் பகுதியில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ பழைய கிடங்கு என்று தாண்டிப் போய்விடுவோம். நானும் ஒருமுறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். 1900இல் தொடங்கிய குடும்பத் தொழில். 1978 முதல் இதுவே மியூசியமும். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துக் காட்டும் மியூசியம் அல்ல. பெல்ட்டும் பல்சக்கரமும் ஓடிக்கொண்டிருக்க, நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். காய்ச்சும் நாளைப் பொதுமக்கள் பார்க்க எப்போதாவது அனுமதிப்பார்கள். அப்படி ஒரு நாளில்தான் போனேன்.

புதுப் புது பீர் தேடிக் குடிக்கிறவன் நான். ஊர் டாஸ்மாக்கில் அந்த ஆசைக்கு வழியில்லை. லேபிள்தான் மாறும், உள்ளே இருப்பது ஒரே ஜாடை. பெல்ஜியத்தில் தலைகால் புரியவில்லை. ஓர்வல், வெஸ்ட்மாலே என்று துறவி மடங்களே பீர் காய்ச்சுகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித் தனி கிளாஸ் வேறு. அவற்றையெல்லாம் முதல் வாயிலேயே பிடித்துப்போனது. இங்கே காய்ச்சும் லாம்பிக் என்ற பீர் மட்டும் அப்படி இல்லை. முதல் முறை குடித்தபோது, கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அது எப்படித்தான் உண்டாகிறது என்று பார்த்துவிடும் எண்ணத்தில்தான் இந்தப் பயணம்.

ஒரு காய்ச்சலுக்கு 1,300 கிலோ தானியம். அதில் 450 கிலோ முளைகட்டாத கோதுமை, மீதி முளைகட்டி உலர்த்திய பார்லி. வெந்நீரில் ஊறி வடிந்து வரும் பத்தாயிரம் லிட்டர் சாறு, மூன்று நான்கு மணி நேரம் கொதித்து 7,500 லிட்டராகச் சுண்டுகிறது. ஹாப்ஸ் பூவை இங்கே புதிதாகப் போடுவதில்லை. சில வருடம் கிடப்பில் போட்டு, கசப்பு போனபிறகு போடுகிறார்கள். கெடாமல் காக்கும் குணம் மட்டும் மிஞ்சினால் போதுமாம். ஒரு பிடி எடுத்து முகர்ந்தேன், பழைய சீஸ் வாடை.

கீழே, கம்பூட்ஸ் போட்ட இளைஞர் ஒருவர் தொட்டிக்குள்ளேயே இறங்கி, சாறு இறங்கிய சக்கையை மண்வாரியால் தள்ளிக்கொண்டிருந்தார். ஆவி இடுப்புவரை மூடியிருந்தது. வெளியே பத்து டிகிரிகூட இருக்காது, அவர் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. இதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். "மாட்டுக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரு வாரினார்.

மாலையில் எல்லோரும் பரணுக்கு ஏறினோம். கூரைக்குக் கீழே அகலமான செம்புத் தொட்டி. பெரிய தாம்பாளம் என்று சொல்லலாம், முழங்கால் ஆழம் இருந்தாலே அதிகம். கொதிக்கும் சாறு அதில் வந்து பரவியதும் எதிரில் நின்றவர் முகம் மறைந்துபோயிற்று. சுவரிலிருந்த பலகைகளைத் திறந்துவிட்டார்கள். வேலை முடிந்தது. மற்ற பீர்க்கூடங்களில் ஈஸ்ட்டை அளந்து சேர்க்கும் கட்டம் இது, இவர்கள் ஒன்றுமே சேர்ப்பதில்லை. இரவு முழுக்கத் திறந்து கிடக்கும் சாற்றில் காற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் இறங்கும். காலையில் மரப்பீப்பாய்க்கு மாற்றினால், அந்த மரத்தில் குடியிருப்பவை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பதநீர் கள்ளாகிற அதே கதைதான். லாம்பிக்கில் முக்கிய வேலை செய்யும் ஒரு ஈஸ்ட்டுக்கு பிரெட்டனோமைசஸ் புரூக்செல்லென்சிஸ் என்று பெயர், ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரவு குளிராக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிப்படும். வெப்பம் இருந்தால் வேண்டாத பாக்டீரியா முந்திக்கொள்ளும். அதனால் அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடித்துக்கொள்கிறார்கள். 2015 நவம்பரில் இரவுகள் வெதுவெதுப்பாகவே இருந்ததால் இங்கே காய்ச்சுவதையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

பீப்பாய் வரிசைகளுக்கு இடையே நடக்கும்போது தலையில் ஒட்டடை சிக்கியது. துடைக்கக் கை ஓங்கினேன். உடன் வந்த பெரியவர், நாற்பது வருடமாகப் பீப்பாய் பார்க்கிறவர், "வேண்டாம், அவர்களும் இங்கே வேலை பார்க்கிறவர்கள்தான்" என்று தடுத்தார். இனிப்புக்கு ஈ மொய்க்கும், ஈயைச் சிலந்தி பிடிக்கும். மருந்து அடித்தால் பீப்பாயில் இருப்பதும் செத்துவிடும். பிறகு ஒரு பீப்பாயைத் தட்டினார், காதை வைத்துப் பார்க்கச் சொன்னார். உலை கொதிப்பதுபோல உள்ளே மெல்லிய சலசலப்பு.

கடைசியில் ருசி பார்த்தோம். முதலில் கலக்காத லாம்பிக். நுரை கிடையாது, பழஞ்சோற்று நீர் மாதிரி சாதுவாக இருந்தது. குடித்தால் எலுமிச்சைப் புளிப்பு, பின்னாலேயே மழையில் நனைந்த சாக்கு வாசனை. அடுத்து கூஸ்: ஒன்று, இரண்டு, மூன்று வயது லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் அடைத்தது. இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை புட்டிக்குள் மறுபடி நொதித்து ஷாம்பேன்போல் பொங்க வைக்கிறது. புளிப்புச் செர்ரி ஊறிய கிரீக்கும் தந்தார்கள். நிறம் அழகு, எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. என் ஓட்டு நுரையில்லாத அந்தச் சாதுவுக்குத்தான். மூன்றாவது வாயில் புளிப்பு பழகிவிடுகிறது, நான்காவதில் அதைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

எந்தப் பீப்பாயை எதோடு கலப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று பெரியவரைக் கேட்டேன். நாக்கைத் தொட்டுக் காட்டினார்.

அன்று தொட்டியில் ஆவி பறந்த சாறு, கூஸ் கலவையில் மூத்த பங்காகப் போவதென்றால் மூன்று குளிர்காலம் பீப்பாயில் கிடந்தாக வேண்டும். அண்ணியின் மாவு மறுநாள் காலை ஓவனில் பொங்கிவிட்டது.