தனுஷ்கோடியில் கேட்டது



சென்ற மாதம் நல்லம்பள்ளியிலிருந்து நம் சபையார் சிலர் தனுஷ்கோடிக்குச் சென்றிருந்தோம். மலைகளுக்கு நடுவே வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கடலைக் கண்டனர். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயச் சுவர்களின் அருகே நின்றபோது, அவ்வூரில் பிறந்து நம்மூருக்கு மருமகளாக வந்த மூதாட்டி ஒருவர், "எங்க அப்பா கல்லறை கடலுக்குள்ள போயிடுச்சு ஐயா. அவரு மட்டும் அங்க தனியாக் கிடக்கிறாரேன்னு தோணும்" என்றார். நான் அவசரமாக ஒரு வசனத்தைச் சொல்லி நகர்ந்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் காட்டிய நீர்ப்பரப்பு எப்போதும் நீராயிருந்ததன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்காவையும் வட ஐரோப்பாவையும் மூடிய பனிப்பாளங்களில் பெருமளவு நீர் உறைந்திருந்தமையால், கடல்மட்டம் இன்றைக்கு ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதியோ 15 மீட்டர் ஆழமும் இல்லாதது. ஆகவே அது அன்று தரை. இலங்கைக்கு நடந்தே செல்லலாம். அந்நாட்டின் பாகியன் குகையில் 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனித எலும்புகளும், கடற்சிப்பியில் செய்த மணிகளும் கிடைத்துள்ளன. காட்டுக்குள் வாழ்ந்தோர் கழுத்தில் கடற்கரைச் சிப்பி! அது பொறுக்கப்பட்ட கரை இன்று நீருக்கடியில்.

குமரிக்கண்டத்தைச் சொல்கிறேன் என எண்ணவேண்டாம். மூழ்கியது பெருங்கண்டமன்று, கரையோர நிலமே. நோவாவின் ஜலப்பிரளயத்துக்கு இதுவே சான்று என்று முழங்குவோருமுண்டு. நான் அதற்குத் துணியேன். பனி உருகிக் கடல் ஏறியது நாற்பது நாளில் அன்று. பல்லாயிரம் ஆண்டுகள், சராசரியாக நூற்றாண்டுக்கு ஒரு மீட்டர் அளவில். சில காலங்களில் அதனினும் விரைவாக. பாட்டன் அடுப்பு மூட்டிய இடத்தில் பேரன் நண்டு பிடித்திருப்பான். அடுப்பைப் பெயர்த்துக் கொண்டுபோகலாம். புதைத்தவர்களை விட்டுவிட்டுத்தான் போயிருக்கவேண்டும். ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் அந்தத் தரைவழியும் நீரில் மறைந்தது.

கடந்த ஞாயிறு ஆராதனைக்குப்பின் அம்மையாரை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். "உங்கள் தகப்பனார் அங்கே தனியாக இல்லை அம்மா; அந்தக் கடலடியில் நாமறியாத எத்தனையோ பேருடைய தகப்பன்மார் இருப்பார்கள்" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு கேட்டார்:

"அவங்களுக்கும் பேரு இருந்திருக்கும்ல, ஐயா?"