பெயரும் சாவியும்

2011 டிசம்பர் 11 அதிகாலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். டிசம்பர் 9 அன்றே முடிந்திருக்க வேண்டிய ஐ.நா. காலநிலை மாநாடு அன்றுவரை இழுத்துக்கொண்டிருந்தது. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் தென்னாப்பிரிக்காவின் வெளியுறவு அமைச்சர் மைட்டே என்கோவானா மஷபானே. ஐ.நா. காலநிலைச் செயலகத்தின் பொறுப்பில் இருந்தவர் கிறிஸ்டியானா ஃபிகெரஸ். ஐரோப்பிய ஒன்றியத்துக்காகப் பேசியவர் கோனி ஹெடகார்ட். இந்தியாவுக்காகப் பேசியவர் ஜெயந்தி நடராஜன். உலகத்தின் காலநிலை பற்றிய முடிவு ஒன்று நான்கு பெண்களின் கையில் நின்ற இரவு அது.

வழக்கு இதுதான். எல்லா நாடுகளையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் புதிய ஒப்பந்தத்துக்கு நாள் குறிக்க வேண்டும் என்றது ஐரோப்பா. இந்தியா மறுத்தது. உள்ளே என்ன எழுதப்படும் என்று தெரியாத ஒரு தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு, நூற்றிருபது கோடிப் பேரின் பிழைப்பை எழுதிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார் ஜெயந்தி. இருநூறு வருடங்களாக நிலக்கரியை எரித்துப் பணக்காரர் ஆனவர்களும், இன்னும் விறகு அடுப்பில் சமைப்பவர்களும் ஒரே தட்டில் நிறுக்கப்படக் கூடாது என்பது அவர் வாதம். கடைசியில், அங்கேயே கூடிப் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார் தலைவர். கூட்டம் சூழ்ந்து நிற்க, நடுவில் ஹெடகார்டும் ஜெயந்தியும் நின்றபடியே பேசினார்கள். சொற்களில் ஒரு சமரசம் பிறந்தது. நான்கு வருடம் கழித்து, 2015 இல் பாரிஸ் ஒப்பந்தம் வரப் போட்ட பாதை அதுதான்.

இந்தக் கதையை மாணவிகளிடம் சொல்லும்போது ஒரு விவரத்தை நான் விடுவதில்லை. அன்று நாட்டின் சார்பில் நின்று வாதாடிய ஜெயந்தி நடராஜன், மத்திய அமைச்சரவையில் கேபினட் அமைச்சர் அல்ல. தனிப் பொறுப்புடன் கூடிய இணையமைச்சர். அவருடைய துறையின் பெயர்ப் பலகையில் 'சுற்றுச்சூழல், வனம்' என்று மட்டுமே இருந்தது. மின்சாரம் வேறொருவரிடம், நிலக்கரி வேறொருவரிடம், எண்ணெய் வேறொருவரிடம், பணம் வேறொருவரிடம். உலகத்திடம் பேசும் பொறுப்பு அவருக்கு. பேசியதை நிறைவேற்றத் தேவையான எதுவும் அவர் மேசையில் இல்லை. 2013 டிசம்பரில் அவர் பதவி விலகினார். 2014 மே மாதம் அந்தப் பலகையில் 'காலநிலை மாற்றம்' என்ற சொல்லும் ஏறியது. அந்தச் சொல் ஏறிய பிறகு அந்தத் துறையை ஏற்று நடத்திய அமைச்சர்கள் பிரகாஷ் ஜவடேகர், அனில் மாதவ் தவே, ஹர்ஷ் வர்தன், மீண்டும் ஜவடேகர், பூபேந்தர் யாதவ். ஒரு பெண்கூட இல்லை.

நம் பக்கத்து வீடுகளில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. சமையல் முழுவதும் மருமகள் பொறுப்பு. யார் எப்போது வந்தாலும் சோறு இருக்க வேண்டும். ஆனால் அரிசி மூட்டை இருக்கும் அறையின் சாவி மாமியாரின் இடுப்பில். அரிசி அளந்து கொடுத்தால்தான் உலை வைக்க முடியும். சோறு பத்தவில்லை என்றால் ஏச்சு மட்டும் மருமகளுக்கு. பெரும்பாலான நாடுகளில் காலநிலை அமைச்சகம் என்பது அந்த மருமகளின் நிலைதான். பெயர் உண்டு, பொறுப்பு உண்டு, சாவி இல்லை.

சாவியைச் சேர்த்துக் கொடுத்த நாடுகளும் இருக்கின்றன. 2007 இல் டென்மார்க் ஹெடகார்டை அமைச்சராக்கியபோது காலநிலையையும் எரிசக்தியையும் ஒன்றாகவே கொடுத்தது. 2008 இல் பிரிட்டனும் அப்படி ஒரு துறையை உண்டாக்கியது. எந்த நிலக்கரியை எப்போது நிறுத்துவது என்பதும், அதனால் வெப்பம் எவ்வளவு குறையும் என்பதும் ஒரே மேசைக்கு வரும்போது பேச்சின் தன்மையே வேறு. 2016 இல் பிரிட்டன் அந்தத் துறையைக் கலைத்து வேறொன்றோடு சேர்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும்.

சாவி இல்லாத இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்தால் ஏச்சு இரண்டு மடங்கு. கனடாவில் 2015 முதல் 2019 வரை சுற்றுச்சூழல், காலநிலை மாற்ற அமைச்சராக இருந்தவர் கேத்தரின் மெக்கென்னா. எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் அவரைப் பொதுவெளியில் 'காலநிலை பார்பி' என்று பொம்மையின் பெயரால் அழைத்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார். 2019 இல் மெக்கென்னாவின் அலுவலக முகப்பில் பெண்களைத் திட்டும் கொச்சைச் சொல்லை யாரோ பெயின்ட்டால் எழுதிவிட்டுப் போனார்கள். பிரேசிலின் மரினா சில்வா அமேசான் காட்டில் ரப்பர் பால் எடுக்கும் குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதுக்குப் பிறகு எழுத்துக் கற்றவர். 2003 இல் முதல் முறையும் 2023 இல் மறுபடியும் சுற்றுச்சூழல் அமைச்சரானவர். இரண்டாம் முறை துறையின் பெயரில் காலநிலை மாற்றமும் சேர்ந்தது. 2025 மே மாதம் செனட் குழு ஒன்றின் விசாரணையில், உங்கள் இடம் எதுவோ அங்கே இருங்கள் என்று ஓர் உறுப்பினர் அவரிடம் சொன்னார். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மேசையிலிருந்து பெண்களை விலக்கிவைக்கும் வேலையும் தொடர்ந்து நடக்கிறது: 2024 இல் அஜர்பைஜானில் நடக்கவிருந்த மாநாட்டுக்கு முதலில் அறிவித்த ஏற்பாட்டுக் குழுவில் 28 பேர், அத்தனை பேரும் ஆண்கள். உலகம் கேலி பேசிய பிறகே பெண்களைச் சேர்த்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் துறையின் பெயர் 'சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை' என்றானது. அமைச்சரான சிவ.வீ.மெய்யநாதனுக்குச் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றத்தோடு இளைஞர் நலனும் விளையாட்டும் ஒதுக்கப்பட்டன. வனத்துக்கு வேறொரு அமைச்சர். 2022 இல் முதலமைச்சர் தலைமையில் காலநிலை மாற்றத்துக்கான ஆட்சிமன்றக் குழு அமைந்தது. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கமும் தொடங்கியது. மாவட்டங்களில் ஆட்சியர் அதன் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். இந்தியாவின் பல மாநிலங்கள் இவ்வளவு தூரம்கூட வரவில்லை என்பதை மறுக்கமாட்டேன். துறையின் செயலராக இருந்த சுப்ரியா சாகுவுக்கு 2025 இல் ஐ.நா.வின் 'பூமியின் நாயகர்' விருது கிடைத்தது. பள்ளிக் கட்டடங்களின் மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது அவர் முன்னெடுத்த வேலைகளில் ஒன்று. பெரிய காரியம் அது. கோடையில் வகுப்பறைக்குள் மூன்று மணி நேரம் பாடம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் வண்டியூரில் இருக்கிறேன், மதுரையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கிறேன். இந்தப் பாடத்துக்காக மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வண்டியூரில் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய், வெயிலாலும் மழையாலும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரும் சிரமங்களைக் கேட்டு எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் யார் என்று எழுத வேண்டும்.

கரும்பலகையில் பட்டியல் நீண்டது. கண்மாய் நிறைந்தால் பயம், வற்றினால் போர் தண்ணீர் இறங்கிவிடுகிறது: நீர்வளத் துறை. கண்மாய்க் கரையில் நடைபாதை, தெருவில் குழாய்த் தண்ணீர், வாய்க்காலில் சாக்கடை: மாநகராட்சி, அதாவது நகராட்சி நிர்வாகத் துறை. திருமலை நாயக்கர் வெட்டிய தெப்பக்குளத்தில் தண்ணீர் நின்றால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊறும். குளம் மீனாட்சி கோயிலுடையது: அறநிலையத் துறை. இரவில் கரண்டு போனால்: மின்துறை. அங்கன்வாடி கூரை கொதிக்கிறது: சமூக நலத்துறை. மழை புகுந்து பாத்திரபண்டம் மிதந்தால்: வருவாய்த் துறை. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதை எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். காலநிலை மாற்ற அமைச்சர் என்ற தலைப்பின் கீழ் மட்டும் எதுவும் விழவில்லை. "மேம், இவருகிட்ட என்னத்தக் கேக்குறது?" என்றாள் ஒருத்தி. காலநிலை அலுவலர் வன அலுவலர்தான் என்று சொன்னதும், வண்டியூரில் காடு எங்கே இருக்கிறது என்று சிரித்தார்கள்.

அவர்கள் போன வீடுகளில் ஒன்று, நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஒரு அக்காவின் வீடு. சிமெண்டு சீட்டுப் போட்ட ஒற்றை அறை. "வெயிலுக்கு மந்திரி, மழைக்கு மந்திரின்னெல்லாம் இருக்காகளாத்தா? அப்ப எங்க வீட்டுச் சீட்டுக்கு எந்த மந்திரி?" என்று கேட்டாராம். மாணவி அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

அந்தக் கேள்வியின் பின்னால் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவு. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் வரும் அறிவுரை என்ன? பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெளியே போகாதீர்கள், வீட்டுக்குள் இருங்கள். அந்த அக்காவின் வீட்டுக்குள் அந்த நேரத்தில் சீட்டு கொதிக்கிறது, கீழே அடுப்பு எரிகிறது. வெளியே வேப்பமர நிழலில் உட்காரலாம் என்றால் வயசுப் பெண்ணை அங்கே உட்காரவிடமாட்டார்கள். நிவாரணம் சாவுக்குக் கிடைக்கும். தலைசுற்றி விழுந்து இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் கூலி இழந்ததற்கு எந்தத் துறையிலும் கணக்கில்லை.

டர்பனில் ஜெயந்தி பேசிய நியாயத்தை நான் இங்கேதான் பொருத்திப் பார்க்கிறேன். அதிகம் எரித்தவர் அதிகம் சுமக்க வேண்டும் என்று இந்தியா அமெரிக்காவைப் பார்த்துச் சொன்னது. ஓர் அமெரிக்கர் வருடத்துக்கு வெளியிடும் கரியமில வாயு சுமார் 14 டன், ஓர் இந்தியர் சுமார் 2 டன். இந்த 2 டன் சராசரிதான். அதற்குள் வீட்டுக்கு நான்கு ஏ.சி. வைத்திருப்பவரும் இருக்கிறார், ஏ.சி. வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டுச் சீட்டுக்கடியில் வந்து படுப்பவரும் இருக்கிறார். நாடுகளுக்கிடையே நாம் கேட்ட நியாயத்தை நாட்டுக்குள், ஒரே தெருவுக்குள், ஒரே வீட்டுக்குள் கேட்க எந்த அமைச்சரும் எழுந்து நிற்கவில்லை. அந்த அக்காவின் பெயரைச் சொல்லி உலகத்திடம் வாங்கிய அவகாசம் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

2024 செப்டம்பர் மாற்றத்தில் சுற்றுச்சூழலும் காலநிலை மாற்றமும் நிதியமைச்சர் தங்கம் தென்னரசுவிடம் கூடுதலாகத் தரப்பட்டன. பக்கத்து மாவட்டமான விருதுநகரின் திருச்சுழித் தொகுதிக்காரர். என்ன யோசித்துச் செய்தார்களோ, மருமகளின் பொறுப்பும் மாமியாரின் சாவியும் முதன்முறையாக ஒரே கைக்கு வந்தன. யார் வந்தாலும் போனாலும் அந்த ஏற்பாட்டை நாம் உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம்: பணமும் பெயரும் ஒரே இடத்தில் இருக்கும்போது, பள்ளிக்கூட மாடிக்கு வந்த வெள்ளைப் பூச்சு வீட்டுக் கூரைகளுக்கும் வந்ததா? வெயிலில் போன கூலிக்குக் கணக்கு ஒன்று திறந்ததா?

காலநிலை அமைச்சராக ஒரு பெண் வர வேண்டும் என்று கேட்பதை நான் நிறுத்தப் போவதில்லை. பெண் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதால் கேட்கவில்லை. பாதி மக்களுக்கு அந்த நாற்காலியில் உரிமை உண்டு என்பதால் கேட்கிறேன். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க மாணவிகளுக்குச் சொல்கிறேன். ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், ஆணோ பெண்ணோ, இதைக் கேளுங்கள்: வண்டியூரில் ஒரு சிமெண்டு சீட்டு வீட்டின் கூரையை மாற்ற ஆகும் பணம் எந்தத் துறையின் கணக்கிலிருந்து வரும், அதற்குக் கையெழுத்துப் போடுபவர் யார்?