47-ஏ வழக்கில் நிலமே சாட்சி

கிரையம் முடிந்து பத்திரம் கைக்கு வரும் என்று காத்திருக்கும்போது, "இது 47-ஏவுக்குப் போகுது" என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் சொல்லிவிட்டால் உச்சிப்புளி, என்மனங்கொண்டான், இருமேனிப் பக்கத்துக் குடும்பங்கள் கலங்கிப்போகின்றன. ஏதோ குற்ற வழக்கில் மாட்டிக்கொண்டதைப் போலப் பயந்துகொண்டு வருகிறார்கள். உண்மையில் அது, பத்திரத்தில் எழுதிய விலை நிலத்தின் சந்தை மதிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் விசாரணை மட்டுமே. அந்த விசாரணையையும் அதன் மேல்முறையீட்டையும் நடத்திக் கொடுப்பது வழக்கறிஞனாக என் தொழிலில் பெரும்பகுதி. இந்தத் தொழிலில் பேச்சுத் திறமை ஓரளவுக்குத்தான் உதவும். பத்திரம் எழுதிய நாளில் அந்த நிலம் எப்படி இருந்ததோ அப்படியே அதை அதிகாரியின் மேசைக்குக் கொண்டுபோகத் தெரிந்தவனுக்கே வழக்கு கைகூடும்.

1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தில் 47-ஏ பிரிவைச் சேர்த்தது 1967இல் வந்த தமிழகத் திருத்தம். அதற்கான விதிகள் 1968இல் வந்தன. விலை குறைத்து எழுதப்பட்டிருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டு, மதிப்பை முடிவு செய்யும்படி முத்திரைத்தாள் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்புவார். அங்கிருந்து விற்றவருக்கும் வாங்கியவருக்கும் படிவம் 1 அறிவிப்பு வரும். பதில் சொல்ல 21 நாள். பிறகு நிலத்தைப் பார்வையிடுவார்கள், தற்காலிக மதிப்பைக் குறித்துப் படிவம் 2 அனுப்புவார்கள், ஆட்சேபணை கேட்டு இறுதி ஆணை போடுவார்கள். அந்த ஆணையில் குறை இருந்தால் இரண்டு மாதத்துக்குள் பதிவுத்துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருக்கும் மேலே உயர் நீதிமன்றம். எங்கள் மாவட்டத்துக்கு 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளை.

பெரும்பாலான தகராறு வழிகாட்டி மதிப்பில்தான் தொடங்குகிறது. அந்த மதிப்புக்குக் கீழே விலை எழுதினால் பத்திரம் விசாரணைக்குப் போகும். ஆனால் அந்த எண்ணின் வரலாற்றைப் பாருங்கள். 2012இல் திருத்தி உயர்த்தினார்கள். 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் பழைய 2012 அளவுக்கே கொண்டுபோனார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள் வந்தன. இத்தனைக்கும் இடையே எங்கள் ஊர்ப் பனங்காட்டில் ஒரு பிடி மண்கூட இடம் மாறவில்லை. ஆகவே வழிகாட்டி மதிப்பை நிலத்தின் உண்மை விலை என்று வைத்துக்கொள்ள முடியாது. 2003இல் டான்சி நில வழக்கின் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: வழிகாட்டி மதிப்பு பதிவு அலுவலரை எச்சரிக்கும் முதல் அடையாளம்தான், முடிவான மதிப்பு ஆகாது. தமிழ்நாட்டு வழக்கிலேயே வந்த தீர்ப்பு என்பதால், நான் எழுதும் எல்லா மனுவிலும் இதற்கு இடம் உண்டு.

எங்கள் கரையில் இந்தத் தீர்ப்பின் அருமை கூடுதலாகத் தெரியும். உச்சிப்புளி, வடக்கே பாக் விரிகுடாவுக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே நிலம் ஒடுங்கிக்கொண்டே போகும் இடத்தில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை, ரயில் பாதை, ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் எல்லாம் இந்தக் குறுகிய பட்டையில்தான். சாலை முகப்பில் கடை கட்டக்கூடிய மனை இருக்கும். அதன் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தால் பனையும் உடைமரமும் நிற்கும் மணல் புஞ்சை வந்துவிடும். அரியமான் கடற்கரைக்குச் சுற்றுலாக்காரர்கள் வருவதால் அங்கே சில இடங்களுக்கு நல்ல விலை உண்டு. அதே விலையை உள்ளே இருக்கும் கொல்லைக்குப் போட்டால் அநியாயம்.

அந்த அநியாயத்தைக் கணக்காகப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. புஞ்சையை 12 லட்சம் ரூபாய்க்கு ஒருவர் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை வீட்டுமனையாகக் கருதிச் சதுர அடிக்கு 100 ரூபாய் போட்டால் மதிப்பு 43,56,000 ரூபாய் ஆகிவிடும். வித்தியாசம் 31,56,000 ரூபாய். அதற்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை மட்டும் 2,20,920 ரூபாய். ஏக்கர் கணக்கில் விற்ற நிலத்தைச் சதுர அடிக் கணக்கில் மதிப்பிடுவதில் வரும் பாரம் இது.

இதை உடைக்க 1968ஆம் ஆண்டு விதிகளின் 5ஆம் விதியே போதும். நிலம் நஞ்சையா, புஞ்சையா, மானாவாரியா, செட்டில்மெண்ட் பதிவேட்டில் என்ன தரம், தீர்வை எவ்வளவு, பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போனது, சாலையும் சந்தையும் எவ்வளவு தூரம், மேடா பள்ளமா, கிணறு உண்டா, என்ன பயிர் விளைகிறது என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது அந்த விதி. அதிகாரி எதைப் பார்க்கக் கடமைப்பட்டவர் என்று சட்டமே பட்டியல் போட்டுத் தந்திருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு வரிவரியாக ஆதாரம் வைப்பதுதான் என் வேலை. 'அ' பதிவேடு, அடங்கல், புலப்படம், சுற்றியுள்ள சர்வே எண்களின் வில்லங்கச் சான்று ஆகியவற்றை முதலில் எடுத்துவிடுவேன்.

வில்லங்கச் சான்றிலிருந்து ஒப்பீட்டுக்கு ஏற்ற பத்திரங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் அனுபவம் தேவைப்படுகிறது. விலை குறைவாக இருக்கிறது என்பதற்காக ஒரு பத்திரத்தைத் தூக்கி வைத்துவிடக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் நடந்த கிரையம் சந்தை விலையைக் காட்டாது. அவசரக் கடனுக்காக விற்றதும் அப்படியே. மூன்று சென்ட் மனையின் விலையை இரண்டு ஏக்கருக்கு அப்படியே பெருக்கக் கூடாது. 1988இல் சிமன்லால் ஹர்கோவிந்ததாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலத்தின் விலையை ஏற்றும் காரணங்களையும் இறக்கும் காரணங்களையும் பிரித்துச் சொன்னது. சிறிய அளவு, சாலை முகப்பு, ஒழுங்கான வடிவம், மேட்டு நிலம் ஆகியவை ஏற்றும். பெரிய பரப்பு, உள்ளடங்கிய இடம், ஒடுங்கிய பட்டை, பள்ளம் ஆகியவை இறக்கும். அது நில எடுப்பு வழக்கில் வந்த தீர்ப்பு என்றாலும், எந்த நிலத்தை எதோடு ஒப்பிடலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

பார்வையிட வரும் நாளில் நிலத்துக்காரர் கட்டாயம் அங்கே நிற்க வேண்டும். எங்கள் பகுதியில் ஆண்கள் பலர் அரபு நாடுகளில் வேலையில் இருக்கிறார்கள். வீட்டுப் பெண்கள் அதிகாரி வந்தால் ஒதுங்கி நிற்கிறார்கள். "அக்கா, நீங்கதான் முன்னால நிக்கணும். வண்டிப்பாதை எங்க முடியுது, கிணத்துத் தண்ணி எப்படி இருக்கு, மழைக்கு எங்க தண்ணி தேங்குதுன்னு நீங்கதான் காட்டணும்" என்று சொல்லி அனுப்புவேன். இந்த மணலில் ஒரு கிணற்றில் நல்ல தண்ணீரும் அடுத்த கிணற்றில் உவரும் ஊறுவது சாதாரணம். அந்த வித்தியாசம் விலையில் தெரியும். கடலோர நிலமானால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் கட்டடத்துக்கு இடம் கொடுக்கின்றனவா, விமானதளத்துக்குப் பக்கமானால் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டா என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும். நிலத்துக்கு இருக்கும் நல்ல அம்சத்தையும் மறைக்கக் கூடாது. ஒன்றை மறைத்தோம் என்று தெரிந்தால், சொன்ன மற்ற எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை தேதி. பத்திரம் எழுதிக்கொடுத்த நாளில் வெளிச்சந்தையில் என்ன விலை போயிருக்கும் என்பதையே சட்டம் கேட்கிறது. புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதைக் காட்டி 2023இல் எழுதிய பத்திரத்துக்கு விலை ஏற்ற முடியாது. இங்கிலாந்தில் வீட்டு வரிக்கான மதிப்புத் தகராறுகளைத் தனித் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. அங்கே இன்றைக்கும் 1991 ஏப்ரல் 1ஆம் தேதி விலைதான் அடிப்படை. நாடு எதுவானாலும் எந்த நாளின் விலை என்று தீர்மானித்த பிறகே மற்ற வாதம்.

மேல்முறையீட்டு மனு எழுதும் இளம் வழக்கறிஞர்கள் நடைமுறைக் குற்றங்களோடு நிறுத்திவிடுகிறார்கள்: அறிவிப்பு வரவில்லை, சொல்லாமல் பார்வையிட்டார்கள், ஆணையில் காரணம் இல்லை. இவை வலுவான காரணங்கள்தாம். குறைவு என்று நம்புவதற்கான காரணம் பதிவில் இருக்க வேண்டும், விதிகள் சொன்ன படிகளைத் தாண்டக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. ஆனாலும் அவற்றை மட்டும் நம்பினால், ஆணை ரத்தாகி மறு விசாரணைக்குக் கீழேயே திரும்பிவிடலாம். கட்சிக்காரர் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். அதனால் மதிப்புக்கான ஆதாரம் முழுவதையும் மேல்முறையீட்டோடு சேர்த்து வைத்து, நீங்களே சரியான விலையை முடிவு செய்யுங்கள் என்று கேட்பதுதான் நல்லது.

ஒரு வகை வழக்கை நான் எடுப்பதில்லை. கொடுத்த விலை ஒன்று, பத்திரத்தில் எழுதியது வேறொன்று என்றால், குறைவுத் தீர்வையைக் கட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். முத்திரைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு உண்மையை முழுதாக எழுதச் சொல்கிறது. அதோடு ஊர் நலனும் இதில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, முத்திரைச் சட்டப்படியான மதிப்பையும் அக்கம்பக்கத்துக் கிரையங்களின் சராசரியையும் வைத்துத்தான் இழப்பீட்டைக் கணக்கிடுகிறது. சாலை, ரயில், பாதுகாப்பு என்று எந்தத் தேவைக்கும் நிலம் கேட்கப்படும் கரை இது. இன்று குறைத்து எழுதும் ஒவ்வொரு பத்திரமும் நாளை பக்கத்துக் கொல்லைக்காரரின் இழப்பீட்டைக் குறைக்கக்கூடும்.

நிலம் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கொடுத்த விலையையே பத்திரத்தில் எழுதுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். நிலத்தைப் பதிவு நாளிலேயே தேதியோடு படம் எடுத்து வையுங்கள். படிவம் 1 வந்தால் பயந்து பெட்டியில் பூட்டி வைக்காமல் 21 நாளுக்குள் பதில் கொடுங்கள். இறுதி ஆணை வந்தால், கையெழுத்துப் போட்டு வாங்கிய தேதியை உறையின் மேலேயே குறித்துவிடுங்கள். மேல்முறையீட்டுக்கு இருப்பது இரண்டே மாதம்.