கெய்சர் வீதி மாடியில் ஒரு பகல்

வீட்டில் ஒரு பூவேலை மெஷினை வைத்துக்கொண்டு நாலு காசு தேடலாம் என்று நினைப்பவரா நீங்கள்? அப்படியானால் என்னோடு புறக்கோட்டை வரை ஒருமுறை வந்து போங்கள். தலையணை உறையிலும் கைக்குட்டையிலும் பூப் போட்டுப் பழகியவர்கள், தடித்த சாமான் கைக்கு வரும்போதுதான் கையைச் சுட்டுக்கொள்கிறோம்.

நான் சுட்டுக்கொண்டது வெல்வெட்டில். கல்யாண வீடொன்றுக்குப் பன்னிரண்டு முஸல்லாக்களில் பெயர் தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். முஸல்லாக்கள் அவர்களுடையவை. முதலாவதை வளையத்திலிருந்து கழற்றியபோது, பெயரைச் சுற்றி நசுங்கிய வட்டத் தழும்பு ஒன்று தெரிந்தது. நேரம் போனால் மறையும் என்று நினைத்து ஆறு வரை தைத்துவிட்டேன். மறையவில்லை. எழுத்துகளும் மயிருக்குள் அமிழ்ந்து பாதிதான் தெரிந்தன. ஆறையும் புதிதாக வாங்கிக் கொடுப்பதென்றால் மெஷினின் இரண்டு மாதத் தவணைக் காசு போய்விடும். கல்யாணத்துக்கு இருந்ததோ பன்னிரண்டு நாட்கள்.

மகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கல்முனையில் இரவு பஸ் ஏறினேன். விடியும்போது கொழும்பு. இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடித்த சம்மாங்கோட்டுப் பள்ளி, சிவப்பும் வெள்ளையுமான வரிகளோடு வெயிலில் நின்றது. அதைத் தாண்டினால் உங்கள் கால் உங்கள் சொல் கேட்காது. நாட்டாமிமார் துணிப் பொதிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சத்தம் வைத்து வருவார்கள். ஒதுங்கத் தெரியாதவர்கள் அங்கே சாமான் வாங்க முடியாது.

கெய்சர் வீதியிலிருந்து பிரியும் சந்தொன்றில் ஒடுங்கிய படியேறிப் போனால், உறவுக்காரர் ஒருவர் சொல்லியனுப்பிய பூவேலைக்கடை. எங்கள் பக்கத்தில் ‘காக்கா’ என்போம், இங்கே ‘நானா’. அந்த நானாவுக்கு அறுபது வயதிருக்கும். ஒரு பக்கம் பல தலைகள் வைத்த கம்ப்யூட்டர் மெஷின் பாடசாலைச் சின்னங்களைத் தைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. மறுபக்கம் பழைய சிக்சாக் மெஷின். முழங்காலால் தள்ளித் தையலின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து, துணியைக் கையால் ஓட்டிப் பூப் போடுவது. நானா உட்கார்ந்திருந்தது அதில்தான்.

என் முஸல்லாவை விரித்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“தங்கச்சி, இத ஏன் வளையத்துல போட்டீங்க? வெல்வெட்ட நசுக்கினா அது தழும்பு காட்டத்தானே செய்யும்! வளையத்துல போடுறது அடித்தாள மட்டுந்தான். சாமான் அதுக்கு மேல சும்மா இருக்கட்டும்.”

செய்தும் காட்டினார். பசை தடவிய அடித்தாளை வளையத்தில் இறுக்கி, அதன்மேல் முஸல்லாவை அழுத்தாமல் படியவிட்டு, நான்கு புறமும் பெரிய தையலாக ஓடவிட்டுப் பிடித்தார். மேலே, நீரில் கரையும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று. அது மயிரை அடக்கி வைப்பதால் எழுத்து அமிழாமல் மேலே நிற்கிறது. தைத்தபின் மிச்சத் தாளைக் கிழித்துவிட்டு, ஒட்டியிருப்பதை ஈரத் துணியால் ஒற்றினால் போதும். துவாய்க்கும் இதே வழிதான். மேலே தாள் இல்லாவிட்டால் நூல் முடிச்சுகள் எழுத்துக்கு நடுவால் எட்டிப் பார்க்கும்.

பிறகு என் ஊசியைக் கேட்டார். நான் கொண்டுபோனது 75ஆம் இலக்கம். அந்த இலக்கம் என்னவென்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஊசித் தண்டின் பருமனாம்: 75 என்றால் 0.75 மில்லிமீற்றர், 90 என்றால் 0.90. கான்வஸ் பையிலும் ஜீன்ஸ் மடிப்பிலும் மெல்லிய ஊசி வளையும்; வளைந்தால் தகட்டில் அடித்து உடையும். அதற்கு 90 அல்லது 100 போட்டு, வேகத்தையும் பாதியாகக் குறைக்க வேண்டும். பையின் பாரம் கீழே தொங்கினால் வளையத்தை இழுத்துப் பூவைக் கோணலாக்கும். அதனால் மெஷினுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு மேசை வேண்டும்.

தோலையும் ரெக்சினையும் பற்றி அவர் சொன்னதை நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். துணியில் பிழை விட்டால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை ஓட்டைதான். நெருக்கமாகத் தைத்தால் தபால் முத்திரையின் ஓரம்போல் வரிசையாக ஓட்டை விழுந்து, பூ அப்படியே கழன்று வரும். ஆகவே தையலை ஐதாக்கி, தடித்த கோடுகள் இல்லாத மாதிரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் வெட்டுத் துண்டொன்றில் போட்டுப் பார்க்காமல் பிறர் பொருளைத் தொடவே கூடாது.

எனக்கு வியப்பளித்தது வேறொன்று. தைத்து முடித்த பாடசாலைப் பைகளின் முன்பொக்கட்டை ஒரு பெண்பிள்ளை பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். தட்டையாகப் பிரித்தெடுத்துப் பெயர் போட்டு, மறுபடி பூட்டிவிடுகிறார்கள். தொப்பியையும் முடிந்தால் பொருத்தும் முன்பே துண்டாக வாங்கிப் பூப் போடுவார்களாம். பொருத்திய தொப்பிதான் வரும் என்றால், நடுவிலிருந்து இரு பக்கத்துக்கும், கீழிருந்து மேலுக்குமாகத் தைப்பார்கள். இல்லாவிட்டால் துணி நடுவில் சுருண்டு குமியும். பாதி வேலை தைப்பதல்ல, பிரிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

“எல்லா ஓடரையும் எடுக்க வாணாம்” என்றார் நானா, பிளேன்டீயைக் கையில் தந்தபடி. “மெஷின்ட காலுக்குக் கீழ லேசாப் போகாத சாமான் ஒண்டு வந்தா, ஏலாதுன்னு சொல்லிப் பழகுங்கொ.” சொல்வது லேசு. பக்கத்து வீட்டு ராத்தா சப்பாத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது எப்படிச் சொல்வது?

தழும்புக்கும் ஒரு வழி சொல்லித்தான் அனுப்பினார். ஸ்திரிக்கைப் பெட்டியை வெல்வெட்டில் படவிடாமல் மேலே பிடித்து ஆவி காட்டி, மென்மையான பிரஷால் மயிரை எழுப்ப வேண்டும். அமிழ்ந்த எழுத்தின்மேல் தாளை வைத்து, பழைய தையல் மீதே இன்னொரு முறை மெல்லிய தையல் ஓடவிட வேண்டும்.

ஊர் திரும்பி மற்ற ஆறையும் அந்த முறையில் தைத்தேன். ஒன்றிலும் வட்டம் விழவில்லை. பழைய ஆறில் நான்கு தேறின. இரண்டில் வட்டம் போகவில்லை. அந்த இரண்டுக்கும் பதிலாகப் புதிது வாங்கித் தைத்து, பன்னிரண்டையும் கல்யாணத்துக்கு முதல் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வட்டம் விழுந்தவற்றில் ஒன்றை வெட்டி, மெஷின் பக்கத்தில் மாதிரித் துண்டாகத் தொங்கவிட்டிருக்கிறேன். ஓடர் கொண்டுவருபவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள்.