சுமையற்ற சக்கரம்

வட சென்னையில் சக்கரங்களுக்குப் பஞ்சம் கிடையாது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. எண்ணூரில் லேலண்ட் லாரிகளும் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள்களும் உருவாகி ஊருக்கெல்லாம் போயின. துறைமுக வாசலைப் பார்த்துக் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பது இங்கே தினசரிக் காட்சி. ஆனால் இந்தச் சக்கரங்கள் எல்லாவற்றின் மீதும் ஒரு சுமை இருக்கிறது. வெறுமனே உருள்வதற்காக மட்டும் உருளும் சக்கரத்துக்கு இடம் தேடி அலைந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

தேடலுக்குக் காரணம் என் தங்கையின் மகள். ஒன்பது வயது, திருவொற்றியூரில் வீடு. யாரோ கொடுத்த பழைய ஸ்கேட்ஸ் ஒரு ஜோடி அவள் கைக்கு வந்தது. கட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றாள். தெரு அவளை நகரவிடவில்லை. ஒட்டுப்போட்ட தார், துருத்தி நிற்கும் சாக்கடை மூடி, எங்கும் கடல் மணல். “மாமா, வழவழன்னு தரை எங்க இருக்கும்?” என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தரை பார்க்கக் கிளம்பினோம்.

ரிங்க் என்ற சொல்லே குளிர்ப் பிரதேசத்தது. ஸ்காட்லாந்தில் உறைந்த பரப்பின் மீது ஆடும் ஆட்டத்தின் களத்துக்கு அந்தப் பெயர். நீர் உறையாத இடத்திலும் காலத்திலும் சறுக்க ஆசைப்பட்டவர்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டார்கள். 1863இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் ஒரு நான்கு சக்கர ஸ்கேட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் சூட்சுமம் அச்சோடு சேர்த்த ரப்பர் மெத்தை. உடம்பைச் சாய்த்தால் அச்சு திரும்பும், பாதை வளையும். அதற்குமுன் நேராகப் போய் எதிலாவது மோதுவதே வழக்கமாக இருந்தது. 1870களில் இங்கிலாந்தில் இது ஒரு பித்தாகவே பரவிற்று.

நமக்குப் பனி வேறு வழியில் வந்தது. 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பிய பிரெடரிக் டியூடர், பின்னால் சென்னைக் கடற்கரையிலும் அதற்கென்று கிடங்கு கட்டினார். இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் அதுதான். வால்டன் குளத்தில் பனி வெட்டுவதைப் பார்த்திருந்த தோரோ, அந்த நீர் சென்னைக்காரர்களின் தாகத்துக்குப் போவதை நினைத்து எழுதியிருக்கிறார். அங்கே காலுக்குக் கீழே கிடந்த பரப்பு இங்கே தம்ளரில் கரைந்தது. பனியும் நமக்குச் சரக்காகத்தான் வந்து சேர்ந்தது.

காசிமேட்டில் இன்றும் அப்படியே. விடிவதற்கு முன் பாளம் பாளமாக ஐஸ் வந்து இறங்குகிறது. ஈரத் தரையில் கொக்கியால் ஓர் இழுப்பு. அவ்வளவு பெரிய பாளம் ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அவள் அதைப் பார்த்து நின்றுவிட்டாள். இந்தப் பிரதேசத்தில் நான் பார்த்த அழகான சறுக்கல் அது. அடுத்த நிமிஷம் பாளம் உடைந்து மீனுக்கு மேலே போயிற்று.

தரைகள் இருக்கவே செய்கின்றன. சரக்கு முற்றங்களில் பரந்த சிமெண்டுத் தளம், கம்பி வேலிக்கு அப்பால். கல்யாண மண்டபத்தில் பளிங்கு, நாள் வாடகைக்கு. பள்ளிக்கூடத்துத் திடல், ஞாயிறன்று பூட்டிய கேட்டுக்குள். பையன்கள் தரைக்காகக் காத்திருப்பதில்லை. பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்குகளைப் பலகையில் மாட்டி, கடகடவென்ற சத்தத்தோடு மேம்பாலச் சரிவில் இறங்குவார்கள். அதே பேரிங் வண்டியில் கால் இழந்தவர்கள் கையால் தரையை உந்திக்கொண்டு பிச்சைக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். ஒரே சாதனம். ஒன்றில் ஆட்டம், மற்றதில் உடம்பே சுமை.

கடைசியில் விம்கோ நகரில் மெட்ரோ ஏறினோம். தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர் ஒட்டிக்கொண்ட ஊர். 2021இல்தான் ரயில் அதுவரை வந்தது. சென்ட்ரலில் மாறி ஷெனாய் நகரில் இறங்கினால், நிலையத்துக்கு மேலேயே திரு.வி.க. பூங்கா. அங்கே ஸ்கேட்டிங் தளம் இருக்கிறது. காலை வெயில் ஏறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட வேண்டும். திறந்த வெளியில் எட்டரை மணிக்கே சிமெண்டு சூடு பிடித்துவிடுகிறது. குழந்தைகள் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பயிற்சியாளர் புதிதாக வந்தவர்களுக்கு முதலில் விழக் கற்றுக்கொடுத்தார்: முழங்காலை மடக்கு, முன்பக்கமாகச் சரி, உறைபோட்ட இடம் தரையில் படட்டும். இவள் நான்கு முறை சரியாக விழுந்தாள். ஐந்தாவது முறை விழாமல் பத்தடி போனாள். சுவர் இல்லாத இடத்தில் அவள் நகர்ந்தது அதுதான் முதல் தடவை.

போன இடத்துக்கே திரும்பி வரும் இந்தச் சலனத்துக்கு என்ன அர்த்தம்? கவிதையால் என்ன பிரயோஜனம் என்ற கேள்வியைக் கேட்டும் கேட்கப்பட்டும் சலித்தவர்கள் நாம். எழுபதுகளில் நம் பத்திரிகைகளில் இதற்கு எத்தனை பக்கங்கள் செலவாயின! அந்தச் சர்ச்சையில் இரு தரப்பும் விட்டுவிட்ட விஷயம் ஒன்று உண்டு என்று எனக்குப் படுகிறது. பிரயோஜனமற்ற ஒன்றைச் செய்வதற்கும் காலுக்குக் கீழே ஒரு தளம் வேண்டும். யாராவது அதைப் போட்டுத்தர வேண்டும். சரக்குக்குப் போட்ட தளத்தை நாம் கணக்கில் எழுதுகிறோம்; குழந்தைக்குப் போடாத தளம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் 1000 மீட்டர் ஸ்கேட்டிங்கில் உலகப் பட்டம் வென்ற ஆனந்த்குமார் வேல்குமார் சென்னைக்காரர். அதையே காரணமாகக் காட்டித் தளம் கேட்கலாம், கிடைக்கவும் கூடும். ஆனால் பதக்கத்தைக் காட்டிக் கேட்கும்போது அந்தச் சக்கரத்தின் மீதும் ஒரு சுமையை ஏற்றிவிடுகிறோம். பதக்கம் வாங்காத பிள்ளை எதைக் காட்டிக் கேட்கும்?

தங்கையின் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆரம்பத்திலிருந்தே அவருக்கு இதில் சம்மதமில்லை. “இதுல இன்னா கெடைக்கும் மச்சான்?” என்றார். “ஒண்ணும் கெடைக்காது” என்றேன். வேறு பதில் இல்லை.

உப்புக் காற்றில் ஒரே மாதத்தில் சக்கரங்கள் இறுகிப்போயின. ஒரு ராத்திரி அவரே அவற்றைக் கழற்றினார். எட்டு சக்கரம், பதினாறு பேரிங். உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22. அளவை அவர் கண்ணாலேயே சொன்னார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றையும் விரலில் மாட்டிச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டார். வேலையில் அவர் கையாளும் பேரிங்குகள் டன் கணக்கில் தாங்குபவை. இது நின்றபாடில்லை; அவரும் நிறுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு அவரும் ஷெனாய் நகருக்கு வந்தார். தளத்தின் ஓரத்தில் நின்றவர், வெகுநேரம் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.